உபவாச ஜெபத்துக்குப் போக முடியாதவளின் லெந்து நாட்கள்

பாளையங்கோட்டை வாசகி கேட்கிறார்:

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கியதிலிருந்து மனத்தை உறுத்தும் ஒன்றை இங்கே கேட்கிறேன். என் மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவது என்று விடியலிலிருந்து இரவுவரை பொழுது போய்விடுகிறது. திருமணத்துக்கு முன்பு 40 நாளும் ஒருவேளை உபவாசமிருந்து, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கும் தவறாமல் போனவள் நான்; இப்போது ஞாயிறு ஆராதனைக்கே எப்போதாவதுதான் போக முடிகிறது, உபவாசமிருந்தால் அவரைத் தூக்க வலு இருப்பதில்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரி ஒருவர், "வீட்டு வேலை எல்லாருக்கும் உண்டு, ஆண்டவருக்கென்று எதையாவது விட்டுக்கொடுத்தால்தானே அது பலி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தக் கேள்வி நியாயமாகவும் தோன்றுகிறது. கடமையாகச் செய்கிற வேலையைத் தேவனுக்குச் செலுத்தும் பலி என்று சொல்லலாமா, அல்லது என் ஜெபக்குறைவுக்கு நானே சாக்குத் தேடுகிறேனா?

ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரின் பதில்:

மகளே, மாற்கு 7ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். தாய்தகப்பனுக்குச் செய்யவேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்கென்று கொடுத்த காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பெற்றோருக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று போதித்தவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது அங்கே இருக்கிறது. தேவனுக்குரியது ஒருபுறம், பெற்றோருக்குரியது மறுபுறம் என்று பிரித்து வைத்து, முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தட்டிக்கழிப்பதை அவர் ஏற்கவில்லை.

ரோமர் 12இன் முதல் வசனத்தில் பவுல், சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார். அதோடு நிறுத்திவிடாமல் அந்த அதிகாரம் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள்: பரிசுத்தவான்களின் குறைவில் உதவுவது, அந்நியரை உபசரிப்பது, அழுகிறவர்களோடே அழுவது, தீமைக்குத் தீமை செய்யாதிருப்பது. ஜீவபலி என்று அவர் சொன்னது இப்படி வீட்டிலும் தெருவிலும் நடந்தேறுகிறது. இன்னொருவரைத் தூக்கித் தூக்கி வலிக்கும் உங்கள் முதுகை அந்த வசனத்துக்கு வெளியே வைக்க எனக்குத் துணிவில்லை. 1 தீமோத்தேயு 5:4 சொந்தக் குடும்பத்தை விசாரிப்பதைத் தேவபக்தியோடு சேர்த்தே பேசுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோனாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவரின் பதில்:

உங்கள் கேள்வியையே நம் திருநெல்வேலி மாவட்டத்துத் தோனாவூரில் வாழ்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொல்லிவந்தார். 1901இல் கோவிலுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வரவே, அவரால் முன்போல் பயணம் போக முடியவில்லை. பிரசங்கத்தை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குத் தாதியாக இருப்பது சரியா என்று அவரே தவித்தார். இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரத்தில்தான் அவருக்குத் தெளிவு கிடைத்தது. எஜமானர் செய்த வேலை ஊழியக்காரிக்குக் கீழானதாக இருக்க முடியாது என்று அவர் கண்டுகொண்டார்.

இதைவிட என்னை அதிகம் தொடுவது அவருடைய கடைசிக் காலம். 1931இல் கீழே விழுந்து காயப்பட்டவர், 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். பிறருக்கு ஓடியோடிச் செய்தவர், இருபது ஆண்டுகளுக்கு அருகே மற்றவர்களின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டு, அங்கிருந்தே எழுதினார், ஜெபித்தார். உங்கள் மாமியாருக்கும் அந்தப் படுக்கையில் ஓர் ஊழியம் உண்டு, அக்கா. அவருக்குப் பேச்சு வராவிட்டாலும், ஜெபக்குறிப்புகளை அவர் காதருகே வாசித்து, இருவருமாக ஜெபியுங்கள்.

செவிலி ஒருவரின் பதில்:

மேலே சொன்னவை எல்லாவற்றுக்கும் ஆமென். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனச்சாட்சி ஒப்பாது. படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமலிருக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறோம். இதை ஒரே ஆள் நெடுநாள் செய்ய முடியாது. நம் சபைகளில் தியாகம் என்ற சொல் மருமகளுக்கென்றே ஒதுக்கப்பட்டதுபோல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அவரைப் பெற்ற பிள்ளைகள் உங்கள் கணவரும் அவருடன் பிறந்தவர்களும்தானே? நான் மேலே காட்டப்பட்ட தீமோத்தேயு வசனத்தைத் திரும்பப் பார்த்தேன். அது பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் முதலில் அழைக்கிறது.

சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே என்று சொன்ன தீர்க்கதரிசி எலியாவிடம் தேவதூதன் இன்னும் உபவாசமிரு என்று சொல்லவில்லை. அவனைத் தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். நீங்கள் இந்த லெந்தில் சாப்பிடுங்கள், பகலில் ஒரு மணி நேரமாவது தூங்குங்கள். வீட்டுக்கு வந்து திருவிருந்து (நற்கருணை) கொடுக்கும்படி உங்கள் ஆயரிடம் கேளுங்கள். நோயாளிகளின் வீட்டுக்குப் போய்க் கொடுப்பது ஆயரின் பணியில் ஒரு பகுதிதான், தயங்க வேண்டாம்.

நாகர்கோவில் வாசகி ஒருவரின் பதில்:

அந்தச் சங்கத்துச் சகோதரி சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஆண்டவருக்கென்று மனமறிந்து ஒன்றை எடுத்துவைக்கும் பழக்கம் நல்லதே. மிசோரம் சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபை ஊழியத்துக்குக் கொடுத்துவருகிறார்கள். அதற்காக அவர்கள் அடுப்படியை விட்டுப் போகவேண்டியிருக்கவில்லை. நீங்களும் கஞ்சி வைக்கும் நேரத்தையே அப்படி ஒப்புக்கொடுக்கலாம்.

பாளையங்கோட்டை வாசகி:

எல்லாருக்கும் நன்றி. இரவுப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வதுபற்றி என் கணவரிடம் இன்றே பேசுகிறேன். ஆயருக்கும் சொல்லி அனுப்புகிறேன். உபவாச ஜெபத்தை ஒரு வெள்ளிக்கிழமையாவது எங்கள் வீட்டில், அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில், வைத்துக்கொள்ளலாமா என்று அந்தச் சகோதரியையே கேட்கப்போகிறேன்.