சரியா வரலைன்னு விட்டதை அரைகுறையாவே மறுபடி தொடங்கினவங்க இருக்கீங்களா?

வலக்கை

பக்கவாதம் வந்து இரண்டரை வருஷம் ஆச்சு. வலது பக்கம். நடை சீக்கிரமே ஓரளவு திரும்பிடுச்சு, கைதான் வரலை. கையைச் சோதிக்க ஒன்பது குழிப் பலகை ஒண்ணு வைப்பாங்க, ஒவ்வொரு குழியிலயும் ஒரு சின்னக் குச்சியை நடணும். கை போனவங்க பல பேர் அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பீங்க.

மனசை விட்டுப் போகாதது ஒரே ஒரு காட்சி. ஏழாவது வாரம். மூணு குச்சி நட்டாச்சு. நாலாவது குச்சி விரல்ல இருந்து நழுவி மேசைக்கடியில உருண்டு போச்சு. கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். "இது இப்ப வேண்டாம்மா, கை சரியானதும் செய்யறேன்"ன்னு சொன்னேன். இருபது வருஷம் கணக்கு எழுதிப் பிழைச்சவன் நான். அச்சு மாதிரி எழுத்துன்னு சொல்வாங்க. அந்தக் கை ஒரு குச்சியைப் பிடிக்க முடியாம நடுங்கறதை இன்னொருத்தர் பார்க்கறது எனக்குத் தாங்கலை.

அந்தத் தெரபிஸ்ட் பொண்ணு குனிஞ்சு குச்சியை எடுக்கலை. சமாதானமும் சொல்லலை. நோட்டைத் திறந்து, தேதி போட்டு, '3'ன்னு எழுதினாங்க. முந்தின வாரத்துப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாங்க. அதுல '1'. "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்."

பிறகுதான் தெரிஞ்சுது, அந்தப் பரிசோதனையில அளக்கறதே நேரத்தைத்தான். நல்லா இருக்கற கைக்கு 20 வினாடி போல ஆகும். அவங்க மேசையில ஸ்டாப்வாட்ச் எப்பவும் கவுத்தியே கிடக்கும். ஓடாத கடிகாரம்னு நினைச்சிருந்தேன். ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கணும். எத்தனை நிமிஷம்னு ஒரு நாள்கூட அவங்க சொல்லலை, நானும் கேட்கலை. நன்றி சொல்றதுக்குள்ள வேற இடத்துக்குப் போயிட்டாங்க.

மூன்றாம்அத்தியாயம்

கடிகாரத்தைக் கவுத்து வச்ச இடத்துல நின்னுட்டேன் சார்.

என்னோடது ஆய்வேடு. நாலாவது வருஷம். மூணாவது அத்தியாயம் மட்டும் பதினோரு கோப்பா கிடந்தது. நூலகத்துல எனக்கு எதிர்ல உட்கார்ற சீனியர் அக்கா ஒரு நாள் என் திரையைப் பார்த்துட்டு, "இந்தப் பக்கத்தைப் போன வருஷமே பார்த்த ஞாபகம்"னாங்க. குத்தலா சொல்லலை, உண்மையிலேயே ஞாபகம் வந்து சொன்னாங்க. "இன்னைக்கு ராத்திரி எப்படி இருக்கோ அப்படியே எனக்கு அனுப்பு. திருத்த மாட்டேன், படிக்க மட்டும் செய்யறேன்."

ராத்திரி மூணு மணி வரைக்கும் முதல் பத்தியையே மாத்திக்கிட்டிருந்தேன். அனுப்பலை.

மறுநாள் போனேன். அவங்க ஒண்ணும் கேட்கலை. நாற்காலியில இருந்த பையை எடுத்து நான் உட்கார இடம் விட்டாங்க. கேட்டிருந்தா ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். அந்தப் பையை எடுத்த விதம் இன்னும் உறுத்துது.

இப்போ தினம் 40 நிமிஷம். நேத்து எழுதினதை மேலே போய்ப் பார்க்கறதில்லை. அஞ்சு மாசத்துல ரெண்டு அத்தியாயம் முடிஞ்சுது. ரெண்டாவது பலவீனமா இருக்குன்னு நெறியாளர் சொன்னார். சரியாத்தான் சொன்னார். அப்படிச் சொல்றதுக்கு அவர் கையில இப்ப ஒரு அத்தியாயமாவது இருக்கு.

எண்ணும்எழுத்தும்

மூன்றாம்அத்தியாயம், உங்கள் துறை எதுவென்று தெரியவில்லை. கணிதத்தில் இதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தால் அது நிரூபணமே அல்ல. "எப்படி இருக்கோ அப்படியே அனுப்பு" என்று என் மாணவர்களிடம் நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் நிரூபிக்காத ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்காக ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் உழைத்து, 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். சரிபார்த்தவர்கள் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்க அந்த இடைவெளியோடு ஏறத்தாழ ஓராண்டு போராடினார். 1994 செப்டம்பரில் வழி பிறந்தபோது கைகொடுத்தது, முன்பு சரிவரவில்லை என்று அவரே ஒதுக்கிய இவசாவா முறை என்ற எண் கோட்பாட்டு வழி. ஒதுக்கிய பாதையில் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அந்தப் பதினோரு கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

என் சொந்த அனுபவம் சிறியது. ஒரு மாணவி வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு விசாரித்தால் கணக்கின் முக்கால் பங்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. "முடிவு வரலை சார், அதனால எழுதலை" என்றாள். அவளுக்கு என்னால் பூஜ்யம்தான் போட முடிந்தது.

இரவுப்பணி

கணக்கு சார் சொன்னதோட நான் ஒத்துப்போறேன். 'முடிஞ்ச வரைக்கும் போதும்'னு எல்லாத்துக்கும் சொல்லிடாதீங்க. நான் செவிலியர். மருந்துல ஏறக்குறைய சரிங்கறது கிடையாது.

என் தம்பிக்குக் காசநோய். முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, பிறகு மருந்துகளைக் குறைச்சு இன்னும் நாலு மாசம். என் கையாலதான் அட்டவணை போட்டுக் கொடுத்தேன், கட்டம் கட்டமா. தினமும் டிக் அடிக்கணும். 23-ஆம் நாள் மாத்திரையை மறந்துட்டான். என்கிட்ட சொல்லலை. மறுநாளும் போடலை. நான் வேலையில இருந்து வந்து பார்க்கும்போது அட்டவணை சுவத்துலயே இல்லை, மடிச்சு அலமாரிக்குள்ள வச்சிருந்தான். எண்ணிப் பார்த்தா 16 நாள் விட்டிருக்கான். தொடக்கக் கட்டத்துல 14 நாளோ அதுக்கு மேலயோ விட்டுப்போனா பொதுவா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சோம்.

ஏண்டா சொல்லலைன்னு கேட்டேன். "ஒரு கட்டம் காலியாயிடுச்சு அக்கா. அதுக்கப்புறம் அதைப் பார்க்கவே பிடிக்கலை"ன்னான்.

அதனாலதான் சொல்றேன், இந்த விஷயத்துல தளர்வு கூடாது.

அழிப்பான்

இரவுப்பணி அக்கா, நீங்க எழுதினதை நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க. தம்பி தளர்வா இருந்ததால விடலையே. ஒரு கட்டம் காலியானதும் மொத்தமும் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத்தானே விட்டார்? மனசு நோகச் சொல்லலை. என் வீட்டிலயும் இதேதான்.

மகளுக்கு எட்டு வயசு. எழுதுவா, அழிப்பா, எழுதுவா, அழிப்பா. ஒரு நாள் நோட்டுல ஓட்டையே விழுந்துடுச்சு, விரலை விட்டுக் காட்டினா. அவ டீச்சர் பென்சிலை வாங்கி வச்சுக்கிட்டுப் பேனா கொடுத்தாங்க. தப்புன்னா ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு அடுத்த வரிக்குப் போகணும். முதல் ரெண்டு நாள் அழுதா.

மூணாவது நாள் என்கிட்ட வந்து, "அம்மா, நீங்க அடிச்சு எழுதினது ஒண்ணு காட்டுங்க"ன்னு கேட்டா. வீடு பூரா தேடினேன். ஒண்ணுகூட இல்லை. தப்பு வந்த காகிதத்தை எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதறவ நான். அவளுக்குக் காட்ட என்கிட்ட எதுவும் இல்லைங்கறது அன்னைக்குத்தான் உறைச்சது.

நரம்பும்தசையும்

நான் இயன்முறை சிகிச்சையாளர். வலக்கை ஐயா, ஸ்டாப்வாட்ச்சைக் கவிழ்த்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை, நோயாளிக்குத் தன் அளவு தெரிய வேண்டும். நானும் ஒருமுறை மறைத்திருக்கிறேன், அந்த அம்மா கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்டார்.

அது போகட்டும். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டீர்களே, அதுதான் முக்கியம். எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் குரங்குகளை வைத்து இதைக் கவனித்தார். ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்தால் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் நல்ல கையைக் கட்டிப்போட்டால் மற்ற கையால் எடுக்கத் தொடங்குகிறது. கைக்கு இயலாமல் இல்லை. முயன்று முயன்று தோற்றதில், பயன்படுத்தாமல் இருக்கப் பழகிவிட்டது. இதிலிருந்து வந்த சிகிச்சையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கைக்குப் படிப்படியாகக் கடினமாகும் சிறு வேலைகளைக் கொடுப்போம். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரைக் கொண்டு இதை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்த எக்ஸைட் ஆய்வு 2006-இல் வெளியானது. இரண்டு வாரப் பயிற்சிதான். பலன் ஓராண்டுக்குப் பிறகும் தெரிந்தது.

எனவே தினமும் கதவைத் திறக்க, விளக்கைப் போட, துணி மடிக்க வலக்கையையே பயன்படுத்துங்கள். எத்தனை முறை என்று எழுதிவையுங்கள். வலி வந்தால் நிறுத்துங்கள், சலிப்பு வந்தால் நிறுத்தாதீர்கள்.

செவிலியர் சகோதரிக்கும் ஒன்று. பழக்கம் படிவதைப் பற்றி லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. பழக்கம் படிய சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மாத்திரைக்கு இதைப் பொருத்தக் கூடாதுதான். ஆனால் அட்டவணையில் 'விட்டது, சொல்லிவிட்டேன்' என்று எழுத ஓர் இடம் வைத்துப் பாருங்கள்.

இரவுப்பணி

அழிப்பான், திரும்பப் படிச்சேன். நீங்க சொன்னது சரி. அவன் அட்டவணையை மடிச்சு வச்சதைப் பார்த்த அன்னைக்கு நான் சத்தம் போட்டேன், அதை மேல எழுதலை. இப்போ ரெண்டாவது தடவை, நாலாவது மாசத்துல இருக்கான். நடுவுல ஒரு நாள் விட்டுட்டான். ராத்திரி பத்து மணிக்கு வார்டுக்கே ஃபோன் பண்ணிச் சொன்னான்.

வலக்கை

சிகிச்சையாளர் ஐயாவுக்கு நன்றி. பயிற்சி கேட்டு நான் எழுதலை. அந்தப் பொண்ணு செஞ்சது தப்புன்னு என்னால ஒத்துக்கவும் முடியலை. அன்னைக்கு நாலு நிமிஷம்னு சொல்லியிருந்தா அடுத்த வாரம் நான் போயிருக்க மாட்டேன்.

முதல்ல எழுதாம விட்ட ஒண்ணு இருக்கு. பழைய கையெழுத்து திரும்பி வரும்னு ரெண்டு வருஷம் காத்திருந்தேன். வங்கியில மாதிரிக் கையெழுத்தை மாத்தாமலேயே வச்சிருந்தேன். அதுவரைக்கும் எல்லாத்துலயும் மனைவிதான் கையெழுத்துப் போட்டா. போன வாரம் போய்ப் புதுசா எழுதிக் கொடுத்தேன். ரெண்டே எழுத்து, கீழ ஒரு கோடு. கோடு கொஞ்சம் சாய்ஞ்சுதான் வந்தது. மூணு இடத்துல போடச் சொன்னாங்க, மூணும் ஒரே மாதிரி வர நாலு மாசம் வீட்டில போட்டுப் பார்த்திருந்தேன்.

அங்க இருந்தவர் பழையதையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்தார். "இனிமே இதையேதான் போடுவீங்களா சார்?"ன்னு கேட்டார்.

போடுவேன்னு சொன்னேன்.