கேம்ப் கேட்டில் பேட்ஜ் சிவப்பு காட்டுகிறது, உள்ளே விடவில்லை. அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மங்காஃப்வாசி:
வணக்கம். அமெரிக்க ராணுவ கேம்ப்பில் வேலை பார்க்கிறேன். இன்று காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போனோம். கேட்டில் எல்லோரையும் விட்டார்கள், என்னை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பேட்ஜை மெஷினில் காட்டியதும் சிவப்பு வந்தது. விரல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன், திரும்பவும் சிவப்பு. காவலுக்கு நின்றவர் ஆங்கிலத்தில் வேகமாக என்னவோ சொன்னார், "கம்பெனி, கம்பெனி" என்பது மட்டும்தான் புரிந்தது. சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. நாளையும் உள்ளே போகாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலையே போனாலும் போகும். ஊரில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

ஃபஹாஹீல் நண்பன்:
பதறாதீர்கள் தம்பி. விவரம் சொன்னால்தான் யாராலும் உதவ முடியும். குவைத்தா, கத்தாரா, பஹ்ரைனா? உங்கள் பெயரில் மங்காஃப் இருப்பதைப் பார்த்தால் குவைத் என்று தெரிகிறது. என்ன வேலை? பேட்ஜில் போட்டிருக்கும் தேதி முடிந்துவிட்டதா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தார்களா, வாங்கி வைத்துக்கொண்டார்களா? வாங்கி வைத்துக்கொண்டால் விஷயம் வேறு.

மெஸ் மாஸ்டர்:
இது விரல் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். கேம்ப் கிச்சனில் பாத்திரம் கழுவும் பிரிவில் இருந்தபோது எனக்கும் இதே நடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் மருந்திலும் குளோரினிலும் தினமும் கை ஊறினால் விரல் நுனித் தோல் வழுவழுப்பாகிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ரேகை தெரியாது, பளபளப்புதான் தெரியும். மெஷின் பாவம், எதைப் படிக்கும்? நாளை காலை விரலை வைக்கும் முன் நெற்றியிலோ மூக்கோரத்திலோ ஒருமுறை தேய்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிசுபிசுப்பு போதும், ரேகை பிடிக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள், வேலையில் கையுறை போடாமல் இருக்காதீர்கள். வலது ஆள்காட்டி விரல் எடுக்காவிட்டால் இடது விரலை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சால்மியா சிவா:
குவைத் அரசு எல்லோரையும் பயோமெட்ரிக் எடுக்கச் சொன்னதே, எடுத்தீர்களா? வெளிநாட்டவருக்கு 2024 டிசம்பர் 31 கடைசித் தேதி. எடுக்காதவர்களுக்கு அரசு அலுவலகக் காரியங்கள் எதுவும் நடக்காது என்று அறிவித்தார்கள். அதனால்தான் உங்கள் கார்டை முடக்கியிருப்பார்கள்.

கேம்ப் தோஹா சீனியர்:
வழக்கம்போல, கேள்வியை முழுதாகப் படிக்காமலே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறீர்கள். சிவா, குவைத் உள்துறை அமைச்சகம் எடுக்கும் ரேகை வேறு, அமெரிக்க ராணுவம் எடுக்கும் ரேகை வேறு. ஒன்று பத்தாக்காவுக்கும் (சிவில் ஐடி அட்டை) எல்லைக்கும் உரியது. இன்னொன்று டிபிட்ஸ் என்று நாம் சொல்லும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணினி அமைப்பு, தளங்களின் கேட்டில் ஆள் அடையாளம் பார்ப்பது. 1990-களின் கடைசியில் தென்கொரியாவிலுள்ள அமெரிக்கத் தளங்களுக்காகத் தொடங்கினார்கள், பிறகு ஐரோப்பாவுக்கும் நம் பக்கத்துக்கும் வந்தது. ஒன்றில் ரேகை கொடுக்காததற்கு இன்னொன்றில் சிவப்பு வராது.

மெஸ் மாஸ்டர், நீங்கள் சொல்வது உண்மையிலேயே நடப்பதுதான். ஆனால் விரல் வைப்பதற்கு முன்பே, பேட்ஜைக் காட்டியதும் சிவப்பு வந்தது என்று அவரே எழுதியிருக்கிறாரே. ரேகை தேய்ந்திருந்தால் கார்டு படித்திருக்கும், விரலில்தான் தடுமாறியிருக்கும். அப்படியானால் காரணம் மூன்றில் ஒன்று: தேதி முடிந்திருக்க வேண்டும், அல்லது பார் லிஸ்டில் (தடை செய்யப்பட்டவர்கள் பட்டியல்) பெயர் ஏறியிருக்க வேண்டும், அல்லது ஸ்பான்சர் கம்பெனி கொடுத்த விவரமும் கணினியில் இருக்கும் விவரமும் ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும். கேள்வி கேட்பவர் முதலில் கேள்வியை ஒழுங்காகக் கேட்கப் பழக வேண்டும். இந்தப் பகுதியில் கேட் பற்றி வரும் எல்லா இழையிலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஃபஹாஹீல் நண்பன்:
சீனியர் சார், நீங்கள் சொன்ன விஷயம் சரி. ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எழுதுகிறவரிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசலாமே.

மங்காஃப்வாசி:
குவைத்தான். கேம்ப் பெயர் போட வேண்டாம் என்று பார்க்கிறேன். லாண்டரி வேலை. பேட்ஜ் கையில்தான் இருக்கிறது, தேதியும் முடியவில்லை. நண்பர் ஒருவர் வேறு கம்பெனியில் அதே கேம்ப்பில் இருக்கிறார், அவர் இந்த வாரம் லீவு. அவர் பேட்ஜில் போய்வரலாமா என்று ரூமில் சொல்கிறார்கள்.

பழைய பக்ராம்:
தம்பி, அதை மட்டும் செய்யாதே. இரண்டு பேர் வாழ்க்கையும் போய்விடும். அடுத்தவர் பேட்ஜைக் காட்டிப் பிடிபட்டால் உன்னையும் அவரையும் தடை செய்துவிடுவார்கள். அந்தத் தடை ஒரு கேட்டோடு நிற்காது. ஆரிஃப்ஜானில் தடை வாங்கியவன் குவைத்தின் மற்ற தளங்களான பியூரிங்கிலோ அலி அல் சலேமிலோ வேலை தேடினாலும் அதே திரையில் அதே குறிப்பு வரும். ஆப்கானிஸ்தானில் நம் ஆட்களிடம் பத்து விரல் ரேகை, கண்ணின் கருவிழி, முகம் மூன்றையும் எடுத்தார்கள். அது கேம்ப்போடு நிற்கவில்லை, அமெரிக்காவில் மேற்கு வெர்ஜீனியாவில் இருக்கும் மையக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டார்கள். பேட்ஜில் இருக்கும் படத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிற காலம் போய்விட்டது.

மெஸ் மாஸ்டர்:
லாண்டரி என்றால் சோப்பு மருந்து, சூடான நீர். நான் சொன்னது இன்னும் பொருந்துகிறது. விரலையும் கவனியுங்கள்.

கடலூர் டிரைவர்:
எனக்கு ஒரு மனவேதனை, இங்கேயே கொட்டிவிடுகிறேன். சிஏசி கார்டு (அமெரிக்க ராணுவத்தின் அடையாள அட்டை) வைத்திருப்பவர்கள் காரில் வந்து கண்ணாடியை இறக்கிக் கார்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நம்மை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கி, வரிசையில் நிறுத்தி, டிபன் பாக்ஸ் வரை திறந்து பார்க்கிறார்கள். இறங்கும் இடத்திலிருந்து சோதனைக் கூடாரம் வரை ஒரு நிழல் கிடையாது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பகல் 11 முதல் 4 மணி வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று குவைத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் மதிய ஷிஃப்டுக்காரன் அதே வெயிலில் வரிசையில் நிற்கிறான். வரிசை வேலை இல்லையாம்.

பழைய பக்ராம்:
அண்ணே, வெயில் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தூரத்தில் இறக்கிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1996 ஜூன் 25-ல் சவூதியில் கோபர் டவர்ஸ், அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த குடியிருப்பு. வெடிமருந்து நிரப்பிய டேங்கர் லாரியை வேலிக்கு வெளியே, கட்டடத்திலிருந்து சுமார் 25 மீட்டரில் நிறுத்திவிட்டு ஓடினார்கள். அமெரிக்க விமானப்படையினர் 19 பேர் செத்தார்கள். கூரையில் காவலுக்கு இருந்தவர் லாரியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மாடி மாடியாக ஆட்களை எழுப்பத் தொடங்கினார், அதனால்தான் அந்த அளவோடு நின்றது. அதற்கு முன் 1983 அக்டோபர் 23-ல் பெய்ரூட்டில் குண்டு லாரி நேராக அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்துக்குள் புகுந்து வெடித்து அவர்களில் 241 பேர் செத்தார்கள். வாசலில் நின்ற காவலர்களின் துப்பாக்கியில் குண்டு போட்டிருக்கவில்லை, அப்படித்தான் அவர்களுக்கு உத்தரவு. இன்று கேட்டுக்கு முன் நீங்கள் வளைந்து வளைந்து போகும் கான்கிரீட் தடுப்புகளும், தரையிலிருந்து எழும் இரும்புத் தடுப்பும், வண்டிக்கு அடியில் விடும் கண்ணாடியும் இப்படிப்பட்ட சாவுகளிலிருந்து படித்த பாடம்.

கடலூர் டிரைவர்:
தூரம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டால் எந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும்? தண்ணீர் கேன் வைத்தால் யாருக்கு ஆபத்து? அப்புறம், சோதனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கேம்ப் தோஹா சீனியர்:
ஒன்றாக இருக்க முடியாது. சிஏசி வாங்குபவனுக்குப் பின்னணி விசாரணை அவன் நாட்டிலேயே நடந்திருக்கிறது. நம் விஷயத்தில் அவர்களால் அந்த அளவுக்கு விசாரிக்க முடியாது, அதனால் கேட்டில் அதிகம் பார்க்கிறார்கள். வெறும் கார்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1985 ஆகஸ்ட் 8 சாட்சி. ஜெர்மனியில் ரைன்-மைன் விமானத் தளம். முந்தின இரவு ஒரு அமெரிக்கச் சிப்பாயைக் கொன்று, அவன் அடையாள அட்டையை வைத்துக் குண்டு வண்டியை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். கார்டும் விரலும் ஒரே ஆளுடையதா என்று பார்க்கும் மெஷின் ஏன் தேவைப்படுகிறது என்று இதிலிருந்தே தெரியும்.

கடலூர் டிரைவர்:
நீங்களே பாருங்கள், அந்த வண்டி போனது அமெரிக்கக் கார்டில்தானே? 2009 டிசம்பர் 30-ல் ஆப்கானிஸ்தானில் கோஸ்ட் பக்கத்தில் சாப்மன் தளத்தில், அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ இருந்த இடத்தில், என்ன நடந்தது? ரகசியத் தகவல் கொண்டுவரும் முக்கியமான விருந்தாளி என்று ஒருவனைச் சோதிக்காமலே உள்ளே விட்டார்கள். அவன் உடம்பில் குண்டு. சிஐஏ ஆட்கள் 7 பேர் போனார்கள். அன்றைக்கு அந்தத் தளத்துக்குள் பாத்திரம் கழுவப் போனவனைத் தடவிப் பார்த்துத்தான் விட்டிருப்பார்கள். பெரிய ஆள் என்று நினைத்து விட்ட இடத்தில்தான் ஓட்டை விழுந்தது.

பழைய பக்ராம்:
இந்தப் பேச்சில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2016 நவம்பர் 12, ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கத் தளமான பக்ராம். தளத்துக்குள்ளேயே வேலை பார்த்த உள்ளூர் ஆள், இரவு ஷிஃப்டில் வேலையிடத்துப் பொருட்களை வைத்தே குண்டு அங்கியைத் தயார் செய்தான். காலையில் ஓட்டப் பந்தயத்துக்குக் கூடியவர்கள் நடுவே வெடித்தான், 5 அமெரிக்கர்கள் இறந்தார்கள். கேட்டில் எவ்வளவு தடவிப் பார்த்தாலும் அதைப் பிடித்திருக்க முடியாது. உள்ளே அவனைக் கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை என்றுதான் ராணுவ விசாரணை சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொழிலாளியையும் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே நல்ல மனதோடு வேலை பார்த்த ஆப்கானியர்களுக்கு அந்தப் பார்வை எவ்வளவு வலித்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஃபஹாஹீல் நண்பன்:
எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான், ஆனால் தம்பி நாளை காலை பஸ் ஏற வேண்டும். மங்காஃப்வாசி, ஒரே கேள்வி. சமீபத்தில் ஏதாவது மாறியதா? பாஸ்போர்ட், சிவில் ஐடி, அகாமா (தங்கும் அனுமதி), கம்பெனி, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

மங்காஃப்வாசி:
பாஸ்போர்ட் போன மாதம் தூதரகத்தில் புதுப்பித்தேன். அது எல்லோரும் செய்வதுதானே என்று எழுதவில்லை. கம்பெனிக்காக அரசு அலுவலக வேலை பார்க்கும் மந்தூப் வந்து அகாமாவிலும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

ஃபஹாஹீல் நண்பன்:
அதுதான்! பழைய பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருந்தது, புதியதில் எப்படி இருக்கிறது? பெயரை இங்கே போடாதீர்கள். இனிஷியல் விரிந்ததா, அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போனதா என்று மட்டும் சொல்லுங்கள்.

மங்காஃப்வாசி:
பழையதில் குடும்பப் பெயர் கட்டம் காலி. புதியதில் அப்பா பெயர் அங்கே வந்திருக்கிறது.

ஃபஹாஹீல் நண்பன்:
நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. பேட்ஜ் எடுத்தபோது கணினியில் ஏறியது பழைய பாஸ்போர்ட் எண், பழைய பெயர் அமைப்பு. இப்போது கம்பெனி அனுப்பும் பட்டியலில் புதிய எண், புதிய பெயர். அவர்கள் கண்ணுக்கு இது வேறு ஆள். மந்தூப் மாற்றியது குவைத் அரசுக் கணக்கை மட்டும்தான். கேம்ப் கணக்கை மாற்ற வேண்டியவர் உங்கள் கம்பெனியில் பேட்ஜ் வேலையைப் பார்ப்பவர். அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் பேட்ஜ் ஆபீஸில் உங்களோடு பேசக்கூட மாட்டார்கள்.

இன்று இரவே சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் எழுத்தில் அனுப்புங்கள்: எந்தத் தேதி, எந்த நேரம், கேட்டில் என்ன நடந்தது, பாஸ்போர்ட் மாறியது எப்போது. போனில் பேசினால் நாளைக்கு யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். எழுத்தில் இருந்தால், நீங்கள் வேலைக்கு வராமல் இருக்கவில்லை, வந்து நின்றீர்கள் என்பதற்கு அது ஆதாரம். பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட், சிவில் ஐடி, பேட்ஜ் நான்கையும் கையில் வைத்திருங்கள். ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று காட்ட அதுதான் வேண்டும்.

கேம்ப் தோஹா சீனியர்:
நான் சொன்ன மூன்றாவது காரணம். முதலிலேயே பாஸ்போர்ட்டைச் சொல்லியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும். இன்னொன்று: மறுபடி ரேகை எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். புதிதாகப் பதியும்போது பழைய ரேகையோடு ஒத்துப்போனால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்துவிடும்.

மெஸ் மாஸ்டர்:
அதற்காகவாவது இன்று இரவு எண்ணெய் தடவுங்கள்.

கடலூர் டிரைவர்:
சம்பளம் பிடித்தால் சும்மா இருக்காதீர்கள். பாஸ்போர்ட் மாறியது தெரிந்தும் கேம்ப் கணக்கை மாற்றாதது கம்பெனி வேலை. அதற்கு உங்கள் தினாரை ஏன் பிடிக்க வேண்டும்?

மங்காஃப்வாசி:
கடிதம் கொடுத்தார்கள். பேட்ஜ் ஆபீஸில் ரேகை திரும்ப எடுத்தார்கள், பச்சை வந்துவிட்டது. பெயர்தான் காரணம். சம்பளம் பற்றி இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றி, ஷிஃப்ட் இருக்கிறது.

பெருந்துறை பையன்:
எனக்கும் போன வாரம் பாஸ்போர்ட் மாறியது, ஆனால் நான் கத்தாரில். இங்கேயும் அதே கடிதம்தானா?

ஃபஹாஹீல் நண்பன்:
கம்பெனியில் பேட்ஜ் பார்ப்பவரிடம் இன்றே சொல்லுங்கள், கேட்டில் நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டாம். இனிஷியல் விரிந்ததா?