3 கிலோவாட் சதுர அலையை வெளியே பில்டர் போட்டு சைன் அலையாக்கலாமா?

மோட்டார்பிரியன்:
48 வோல்ட் பேட்டரியில் ஓடும் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் என்னிடம் இருக்கிறது. இரும்புக் கோர் டிரான்ஸ்பார்மர், வெளியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அப்பட்டமான சதுர அலை. பல்பு, ஹீட்டருக்குப் பிரச்சினை இல்லை. மோட்டார்தான் உறுமுகிறது, சீக்கிரம் சூடாகிறது. பெரிய சோக் (இரும்புக் கோரில் சுற்றிய கம்பிச் சுருள்) ஒன்றும் கெப்பாசிட்டரும் போட்டால் சைன் அலை கிடைக்குமா?

அலைவாங்கி:
சைன் அலை தரும் வகை ஃபெரோரெசொனன்ட் டிரான்ஸ்பார்மர் (கெப்பாசிட்டரோடு சேர்ந்து வேலை செய்யும் வகை) போடலாம். சதுர அலை கொடுத்தாலும் ஏறக்குறைய சைனாக வெளியே வரும். கனம், இரைச்சல், சூடு எல்லாம் உண்டு. அதிர்வெண் சற்று நகர்ந்தாலே வோல்டேஜும் நகரும்.

சுருள்கட்டி:
டிரான்ஸ்பார்மர் சுற்றுவதுதான் என் தொழில். வெளியே பில்டர் வேண்டாம் என்பேன், கணக்கைப் பாருங்கள்.

சதுர அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள், அதாவது 50-இன் ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண் கொண்ட அலைகள், கலந்திருக்கும். 150-இல் இருப்பது அடிப்படை அலையில் மூன்றில் ஒரு பங்கு. 50-ஐ விட்டுவிட்டு 150-ஐத் தடுக்க வேண்டும். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். 50 மில்லிஹென்றி சோக், 50 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்று வைத்தால் ஒத்ததிர்வு (இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண்) 100 ஹெர்ட்ஸில் வரும். லோடு இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ் அலை 1.33 மடங்காக ஏறும், 150 ஹெர்ட்ஸ் 0.8 மடங்காகத்தான் இறங்கும். அதாவது 33 சதவீதம் இருந்த மூன்றாம் ஹார்மோனிக் 20 சதவீதமாகிறது, அவ்வளவுதான். அதற்கு 13 ஆம்பியரைத் தாங்கும் 50 மில்லிஹென்றி சோக்! அத்தனை செம்பையும் இரும்பையும் இதில் கொட்ட எனக்கு மனசு வராது.

அலையை உள்ளேயே, மாஸ்ஃபெட் பிரிட்ஜிலேயே (பேட்டரி கரண்ட்டை மாற்றி மாற்றி விடும் டிரான்சிஸ்டர் சுவிட்சுகளிலேயே) மாற்றுங்கள். 20 கிலோஹெர்ட்ஸில் சைன் பிடபிள்யூஎம் (துடிப்புகளின் அகலத்தை சைன் அலைப்படி கூட்டிக் குறைக்கும் முறை) கொடுத்தால் நீக்க வேண்டிய குப்பை 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டிப் போய்விடும். அப்போது 230 வோல்ட் பக்கக் கணக்கில் 1 மில்லிஹென்றியும் 10 மைக்ரோஃபாரடும் போதும், ஒத்ததிர்வு 1.6 கிலோஹெர்ட்ஸ் அருகில் வரும்.

மோட்டார்பிரியன்:
அப்படியென்றால் கன்ட்ரோல் போர்டை மட்டும் மாற்றினால் போதுமா சார்?

சுருள்கட்டி:
போதாது. பலர் கவனிக்காத இடம் இதுதான். சதுர அலையில் டிரான்ஸ்பார்மருக்கு 48 வோல்ட் முழுசாகக் கிடைத்தது. சைன் அலையில் 48 என்பது உச்சம் மட்டும், ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) 34 வோல்ட். அதே டிரான்ஸ்பார்மரில் 230-க்குப் பதில் 163 வோல்ட்தான் வரும்.

செகண்டரியை (230 வோல்ட் பக்கச் சுருளை) தொட வேண்டாம். பிரைமரியை (பேட்டரி பக்கச் சுருளை) அவிழ்த்து, பழைய சுற்றுகளில் 70 சதவீதம் மட்டும் சுற்றுங்கள். கோரின் ஃப்ளக்ஸ் (காந்தப் பாய்வு) முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், நிறைந்துவிடாது. ஆனால் முழு லோடில் பிரைமரி கரண்ட் சுமார் 63-இலிருந்து 88 ஆம்பியராக ஏறும், உச்சம் 125-ஐத் தொடும். கம்பி தடிமனாக வேண்டும், மாஸ்ஃபெட்டும் அதைத் தாங்க வேண்டும். அப்புறம், பிரிட்ஜுக்கும் பிரைமரிக்கும் நடுவில் காற்று இடைவெளி விட்ட சிறு சோக் ஒன்று கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் 20 கிலோஹெர்ட்ஸ் நேராக இரும்புத் தகட்டில் இறங்கிச் சூடாக்கும். கெப்பாசிட்டர் செகண்டரி பக்கம், பாலிப்ரொப்பிலீன் வகை.

மேல், கீழ் மாஸ்ஃபெட்டுகளுக்கு இடையே டெட் டைம் (இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காதபடி விடும் சிறு இடைவெளி) இருக்கிறதா என்று ஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். முதல் முறை பேட்டரியில் கொடுக்காதீர்கள். கரண்ட் லிமிட் வைத்த பவர் சப்ளையில், குறைந்த வோல்டேஜில், ஒரு பல்பை லோடாக வைத்து ஓட்டுங்கள்.