பழைய கூத்துக் கொப்பிகள் பார்க்கக் கிடைக்குமா?

அண்ணாமார், அக்காமார், நான் மட்டக்களப்பில் கட்புலக்கலை படிக்கிற மாணவி. இப்போது வகுப்பில் பின்நவீனத்துவம் ஓடுகிறது, அதாவது படைப்பில் 'மூலம்', 'சொந்தம்' என்பதையெல்லாம் கேள்வி கேட்கிற போக்கு. அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1930களில் எடுத்த படங்களை ஷெர்ரி லெவின் என்ற கலைஞர் அச்சுப் பிரதியிலிருந்து அப்படியே படமெடுத்து, 1981இல் தன் படைப்பாகக் காட்சிக்கு வைத்தார். முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் எங்கள் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி ஞாபகம் வந்தது. யாரோ நீல மையில் எழுதிய பாட்டை வெட்டி, ஓரத்தில் பென்சிலால் வேறு வரி. யாருடைய பாட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்காகக் கூத்தைப் பின்நவீனம் என்றுவிட முடியாது. லெவின் மோதியது, படைத்தவர் பெயரை வைத்து விலை போடுகிற கலைச் சந்தையோடு. இதை வைத்துத்தான் கட்டுரை எழுதுகிறேன்.

ஆரையம்பதி, வாழைச்சேனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இப்படிக் கையெழுத்துக் கொப்பி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து பார்க்கிறேன். பிரெஞ்சு மெய்யியலாளர் லியோத்தார் பின்நவீனத்துவம் பற்றி 1979இல் எழுதிய நூலை எளிமையாக விளக்கும் தமிழ்க் கட்டுரை இருந்தாலும் அனுப்புங்கள்.