பொருள்: மறு: 'சிறப்புப் பட்டு இழை' – வேறு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

> 'ஸ்பெஷாலிட்டி சில்க் ஃபைபர்' என்பதைச் 'சிறப்புப் பட்டு இழை' என்றே வைத்துக்கொள்ளலாமே.

எனக்கு உடன்பாடில்லை, ஐயா. காஞ்சிபுரத்துக் கடையில் 'சிறப்புப் பட்டு' என்று கேட்டால் சரிகை கூடுதலான முகூர்த்தப் புடவையைத்தான் எடுத்து விரிப்பார்கள். நண்பர் ஒருவர் தந்த 'தொழிற்பட்டு' அதைவிடச் சங்கடம். வாக்கியத்தின் நடுவில் வந்தால் வினையெச்சமாகிவிடும். 'செயற்பட்டு', 'பயன்பட்டு' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே எந்தச் சொல்லும் 'பட்டிழை' என்று முடியட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று: இந்த ஒரே பெயருக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. உள்நாட்டில் செய்ய முடியுமா என்றால் மூன்றுக்கும் மூன்று விடை.

முதலாவது, பட்டுப்புழுக் கூட்டின் இழையையே பசை நீக்கிப் பின்னியது. அறுவை அரங்கில் 'சில்க்' என்று கேட்டு வாங்கும் கறுப்பு நூல் இதுதான். பட்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்து நாம்தான்; தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெண்கூடு விளைகிறது. கச்சாப்பொருளுக்குக் குறைவில்லை, தொல்லை சீர்மையில். ஒரு கூட்டின் இழை வெளியே தடித்தும் உள்ளே போகப்போக மெலிந்தும் இருக்கும். நூற்பாளர் எட்டு, ஒன்பது கூடுகளின் முனைகளைச் சேர்த்து ஓட்டி, ஒன்று தீரத்தீர இன்னொன்றைக் கோத்து, 20/22 டெனியருக்குள் (டெனியர் என்பது இழையின் பருமனைக் குறிக்கும் அளவு) நிறுத்துகிறார். அதற்குப் பிறகும் மிஞ்சும் ஏற்றத்தாழ்வைப் புடவை பொறுக்கும், தையல் நூல் பொறுக்காது. கூட்டில் இழைகளை ஒட்டிவைக்கும் செரிசின் பசை மிச்சமிருந்தால் உடலும் ஒவ்வாமை காட்டும். முடியும், ஆனால் நூற்பிலேயே தரம் பிரிக்க வேண்டும். இதற்கு 'சீர்மைப் பட்டிழை' என்பேன். (சீர்வரிசை நினைவுக்கு வந்தால் பொறுத்தருள்க.)

இரண்டாவது, துளைபட்ட கூடுகளையும் நூற்புக் கழிவையும் பசை நீக்கி, லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பைப் பிரித்து, பட்டிழையின் புரதமான ஃபைப்ராயினை மறுபடி உருவாக்குவது. கழிவு மலிவு, கரைப்பதும் உப்பு நீக்குவதும் மலிவல்ல. புழு தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும்போது வரும் வலிமையும் கரைத்து வார்த்ததற்கு எளிதில் வருவதில்லை. படலமாகவும் பொடியாகவும் இங்கே செய்யலாம்; இழையாக விற்க நான் துணியமாட்டேன். சொல்: 'மீள்வார்ப்புப் பட்டிழை'.

மூன்றாவது சிலந்தியுடையது. சிலந்திகள் ஒன்றையொன்று தின்பதால் பண்ணையில் வளர்க்க இயலாது. ஜப்பானின் ஸ்பைபர், ஜெர்மனியின் ஏஎம்சில்க் போன்ற நிறுவனங்கள் அந்தப் புரதத்தை நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிகலனில் ஆக்குகின்றன. இதற்கு மல்பெரித் தோட்டம் தேவையில்லை, பெரிய நொதித்தல் ஆலை தேவை. எனவே 'பட்டு' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'சிலந்திப் புரத இழை' என்று எழுதுவோம். மூன்றையும் ஒரே பெயரில் போட்டுத் திட்ட அறிக்கை எழுதினால், நொதிகலனின் கணக்கைக் காட்டி மல்பெரி விவசாயிக்கு ஆசை காட்டியதாகிவிடும்.

'மீள்வார்ப்பு', 'கரைவார்ப்பு' இரண்டில் எது மேல் என்று ஜவுளித் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். எனக்குக் 'கரைவார்ப்பு' மேலும் ஒரு கண் இருக்கிறது.