'கர்னல்' என்ற சொல்லில் 'ர்' எங்கே இருக்கிறது?

செவிவழி:
எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளுக்கு அமெரிக்க ஆங்கிலம் ஒன்றும் பிரிட்டிஷ் ஆங்கிலம் ஒன்றும் போதும், வட்டாரக் குரல்கள் வெறும் அலங்காரம் என்று நிரல்காரன் நேற்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானை நாள் முழுவதும் கேட்டே வேலை செய்பவன், கண்பார்வையற்றவன் நான். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தம் மின்னஞ்சலைத் தம் ஊர்ப் பேச்சில் கேட்க விரும்புவது ஆடம்பரம் அன்று. எழுத்தைப் பேச்சாக்கும் இலவச மென்பொருளான ஈஸ்பீக் என்ஜியில் ஸ்காட்லாந்து, லங்காஸ்டர், மேற்கு மிட்லண்ட்ஸ் குரல்கள் இருக்கத்தானே செய்கின்றன?

நிரல்காரன்:
இல்லை என்று யார் சொன்னார்கள்? சொற்களின் ஒலியைக் குறித்துவைத்த பிரிட்டிஷ் உச்சரிப்பு அகராதியை வைத்துக்கொண்டு நாலைந்து உயிரொலிகளைத் திருகினால் வந்துவிடுகிற குரலுக்குத் தனி உழைப்பு எதற்கு என்றுதான் கேட்டேன்.

ஒலியன்:
திருகிப் பாருங்கள். தொட்டுக்கொள்ளும் 'சாஸ்', மூலத்தைக் குறிக்கும் 'சோர்ஸ்' இரண்டும் தென் இங்கிலாந்தின் செந்தர உச்சரிப்பில் ஒரே ஒலி. ஸ்காட்லாந்திலோ பின்னதில் 'ர்' தெளிவாகக் கேட்கும். இரண்டையும் ஒரே ஒலிக்குறியால் எழுதிவைத்த அகராதியிடம், உதிர்ந்த 'ர்' எதில் இருந்தது என்று எந்த விதி கேட்டு அறியும்? 'ர்' உள்ள அகராதியிலிருந்து அதை நீக்குவதற்கு, அடுத்து உயிரொலி வராவிட்டால் விட்டுவிடு என்ற ஒரு விதி போதும். எதிர்த்திசையில் அது ஓடாது.

நிரல்காரன்:
எழுத்துக்கூட்டலில் ஆர் இருக்கிறதே, கண்ணிருப்பவருக்குத் தெரியும்.

ஒலியன்:
'கர்னல்' என்ற ராணுவப் பதவியை எழுதிக் காட்டுங்கள்: சீ, ஓ, எல், ஓ, என், ஈ, எல். அமெரிக்கரும் ஸ்காட்லாந்துக்காரரும் உச்சரிக்கும் 'ர்' இதில் எங்கே?

செவிவழி:
"கண்ணிருப்பவருக்கு" என்று திரைவாசிப்பானைப் பற்றிய விவாதத்தில் எழுதியதைக் குறித்துவைத்துக்கொள்கிறேன். நிறுத்தற்குறிகளை வாசிப்பது பற்றிய சண்டையிலும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள்.

நிரல்காரன்:
அது வழக்கில் உள்ள தொடர், ஐயா. ஒரு கர்னலுக்காக அகராதியையே கலைப்பதா? விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் முடிந்தது.

புதியவன்:
ஒரு சந்தேகம். நாம் பேசுவது வட்டார வழக்கைப் பற்றியா, உச்சரிப்பைப் பற்றி மட்டுமா?

ஒலியன்:
கர்னலுக்கு முதலில் பதில் வரட்டும். பட்டியலில் சேர்ப்பாராம்! வட இங்கிலாந்தில் பலருக்கு அதிர்ஷ்டம் என்னும் 'லக்'கும் பார் என்னும் 'லுக்'கும் ஒன்றே. தெற்கில் வேறு வேறு. வடக்கின் அகராதியிலிருந்து தெற்கைச் செய்யவும் பட்டியல்தான் போடுவாரா? 1982-இல் ஒலியியல் அறிஞர் ஜான் வெல்ஸ் ஆங்கில உயிரொலிகளை 24 சொற்குழுக்களாகப் பிரித்துக் காட்டினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் யூனிசின் அகராதி எந்த ஊருக்கும் சாயாத குறிகளால் சொற்களை எழுதிவைத்து, ஊருக்கேற்ற உச்சரிப்பை விதிகளால் வருவிக்கிறது. இதைப் படித்தவர்கள் நாலைந்து உயிரொலி என்று எழுதமாட்டார்கள்.

நிரல்காரன்:
படித்தவர் நீங்கள் ஒருவர்தான், ஒப்புக்கொள்கிறோம். கர்னல் இன்னும் ஒரே ஒரு சொல்தான்.

ஒலியன்:
'லா அண்ட் ஆர்டர்' என்பதில் 'லா'வுக்குப் பின் எழுத்தில் இல்லாத 'ர்' ஒன்றை லண்டன்காரர்கள் பலர் நுழைக்கிறார்களே, அதையும் பட்டியலில் போடுவீர்களா?

நிரல்காரன்:
கர்னலிலிருந்து நழுவுகிறீர்கள்.

ஒலியன்:
நழுவியது யார் என்று மேலே ஏறிப் படியுங்கள். 'ர்' எங்கே?