நீலகிரியில் 6 அணி பேஸ்பால் லீக்: எத்தனை ஆட்டம், எந்த மாதம்?

தேயிலைமேடு கேட்டது:

வணக்கம். 6 அணிகளை வைத்து ஒரு லீக் நடத்த ஏற்பாடு நடக்கிறது. ஊட்டியிலிருந்து 2 அணி. குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம், கோவை தலா 1. மைதானம் ஊட்டியில் ஒன்றுதான், அதுவும் சனி ஞாயிறு மட்டும். பெரும்பாலும் 17, 18 வயதுப் பையன்கள். 7 இன்னிங்ஸ் ஆட்டம்.

என் கணக்கு: ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளோடு இரண்டு தடவை, மொத்தம் 30 ஆட்டம். ஏப்ரலில் தொடங்கி ஜூனில் ஃபைனல். அமெரிக்க மேஜர் லீகும் மார்ச் கடைசியில்தானே தொடங்குகிறது? இது சரிவருமா? இன்னொன்று, ஊட்டி உயரத்தில் பந்து அதிகம் பறக்கும் என்கிறார்கள். அதற்காக மைதானத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

---

ஸ்கோர்புக்:

ஏப்ரல் வேண்டாம் தம்பி. அமெரிக்கர்கள் குளிருக்குப் பயந்து மார்ச் கடைசி வரை காத்திருக்கிறார்கள். நாம் மழைக்குப் பயந்து அதற்குள் முடித்துவிட வேண்டும். ஏப்ரல், மே என்றால் மதியத்துக்கு மேல் இடிமழை, மலர்க் கண்காட்சிக் கூட்டம், மலைப்பாதை நெரிசல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அதுதான் பலமாகப் பெய்யும். மிச்சம் இருப்பது ஜனவரியும் பிப்ரவரியும். மார்ச்சும் காய்ந்த மாதம்தான், ஆனால் பிளஸ் டூ பரீட்சை. 17, 18 வயது என்கிறீர்கள், பாதி அணி வராது.

30 ஆட்டம் ஏன் உதைக்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை 1, ஞாயிறு 2 என்று வாரத்துக்கு 3 ஆட்டம்தான் நிதானமாக நடத்த முடியும். அப்போது 10 வாரம் ஆகும். பொங்கலுக்கு ஒரு வாரம் விட்டால் 11. ஜனவரி முதல் சனியில் தொடங்கினாலும் மார்ச் நடுவில் போய் நிற்கும்.

ஜப்பானிலும் ஒரு லீகுக்கு 6 அணிதான். தன் லீகின் மற்ற ஐந்தோடு 25 தடவை, அது 125, எதிர் லீகின் ஆறு அணிகளோடு தலா 3, அது 18, ஆக 143. கொரியாவில் 10 அணி, எல்லோரும் எல்லோரோடும் 16 தடவை, 144. அங்கே வாரத்தில் ஆறு நாள் ஆடுகிறார்கள். அந்தக் கணக்கை வார இறுதி லீகுக்குக் கொண்டுவர முடியாது.

நான் சொல்வது 21 ஆட்டம். முதலில் ஒரு சுற்று, 15 ஆட்டம், 5 வாரம். அணிகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள்:

வாரம் 1: 1-6, 2-5, 3-4
வாரம் 2: 1-5, 6-4, 2-3
வாரம் 3: 1-4, 5-3, 6-2
வாரம் 4: 1-3, 4-2, 5-6
வாரம் 5: 1-2, 3-6, 4-5

1ஆம் எண்ணை அசைக்காமல் மற்றதைச் சுழற்றினால் இந்தப் பட்டியல் தானாக வரும். இதில் எந்த அணியும் வாரத்தில் ஒரு ஆட்டத்துக்கு மேல் ஆடாது. பிறகு மேல் மூன்று, கீழ் மூன்று என்று பிரித்து, அந்தந்தக் குழுவுக்குள் இன்னொரு தடவை மோதவிடுங்கள். அது 6 ஆட்டம். ஞாயிறுதோறும் குழுவுக்கு ஒன்றாக 2 ஆட்டம் வைத்தால் 3 வாரம். முதல் சுற்றின் வெற்றி தோல்வி அப்படியே தொடரும். மேல் குழுவில் முதலில் நிற்பவரே சாம்பியன். தனியாக அரையிறுதி, ஃபைனல் வேண்டாம். பிப்ரவரி கடைசியில், போனால் மார்ச் முதல் வாரத்தில் முடிந்துவிடும்.

மேட்டுப்பாளையம், கோவை அணிகளின் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கட்டு கட்டாக ஏற்றி வந்தால் சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள். கேன்தான் நல்லது.

---

இடக்கை ஸ்பின்:

உயரம் பற்றி. ஊட்டி 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். 2023 ஏப்ரலில் மேஜர் லீக் அங்கே முதல் தடவையாக லீக் ஆட்டம் வைத்தபோது சான் டியாகோ 16, சான் பிரான்சிஸ்கோ 11. ஒரே ஆட்டத்தில் 11 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி)! மேஜர் லீக் மைதானங்களில் உயரமானது டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட், அதுவே 1,600 மீட்டர் சுமார்தான்.

காரணம் காற்றின் அடர்த்தி. கடல்மட்டத்தைவிட இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைவதால் அடித்த பந்து தூரம் போகும். டென்வரில் சுமார் 5 சதவீதம் கூடும் என்பார்கள், ஊட்டியில் அதற்கும் கொஞ்சம் மேல். ஆனால் பாதிப் பேர் மறந்துவிடுவது பிட்சர் (பந்து வீசுபவர்) பக்கத்தை. சுழலும் பந்தை வளைப்பதும் அதே காற்றுதான். கோவையில் ஒரு அடி விலகும் கர்வ் பால் இங்கே பத்து அங்குலத்தில் நின்றுவிடும், அதாவது நேராகத் தொங்கும். அதை அடிக்காத பேட்டர் கிடையாது. கீழேயிருந்து வரும் பிட்சர்கள் முதல் ஆட்டத்தில் இதில்தான் மாட்டுவார்கள். வேக வித்தியாசத்தை நம்பும் சேஞ்ச்-அப் (வேகப்பந்து போலவே வீசி, மெதுவாக வரும் பந்து) இங்கே கைகொடுக்கும்.

கூர்ஸ் ஃபீல்டில் எல்லையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்: இடது 347 அடி, நடு 415, வலது 350. நமக்கு அந்த இடம் எங்கே இருக்கிறது? ஆனால் விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. ஹோம் பிளேட்டிலிருந்து, அதாவது பேட்டர் நின்று அடிக்கும் இடத்திலிருந்து, 250 அடிக்குள் (76 மீட்டர்) இருக்கும் எல்லையைப் பந்து நேராகத் தாண்டினால் அது ஹோம் ரன் இல்லை, 2 பேஸ் மட்டும். டேப் பிடித்து அளந்து, 250 அடி எங்கே முடிகிறதோ அங்கே வேலியில் ரிப்பன் கட்டிவிடுங்கள். இதை டாஸுக்கு முன்னால் இரு கேப்டன்களிடமும் சொல்லிவிட வேண்டும், பந்து பறந்த பிறகு சொன்னால் சண்டை.

அளவுகள்: பேஸுக்குப் பேஸ் 27.43 மீட்டர், ஹோமிலிருந்து இரண்டாம் பேஸ் 38.79, பிட்சர் பலகைக்கு 18.44. மூலைவிட்டம் 38.79 வராவிட்டால் சதுரம் கோணல் என்று அர்த்தம், திரும்ப அளக்கவும். மவுண்ட் (பிட்சர் நின்று வீசும் மேடு) உயரம் 10 அங்குலம், பலகைக்கு முன்னால் அரை அடி சமதளம், பிறகு அடிக்கு 1 அங்குலம் சரிவு. பொது மைதானத்தில் மண்மேடு போட விடமாட்டார்கள், மரத்தில் செய்து மேலே செயற்கைப் புல் ஒட்டிய மேடைதான் வழி. விட்டாலும் நம் ஊர்ச் செம்மண் ஈரத்தில் வழுக்கும். கால் ஊன்றும் இடத்தில் சுடாத செங்கல் பதித்துத் திமிசு போட்டால் குழி விழாது.

---

தேயிலைமேடு:

21 ஆட்டம் சரியாகப் படுகிறது. பனிமூட்டம் இறங்கி ஆட்டம் நின்றால் மறுபடி முதலிலிருந்தா? சமமாக முடிந்தால்?

---

ஸ்கோர்புக்:

முதலிலிருந்து வேண்டவே வேண்டாம். மேஜர் லீகிலும் இப்போது 5 இன்னிங்ஸ் ஆகுமுன் மழையில் நின்றால், விட்ட இடத்திலிருந்துதான் தொடர்கிறார்கள். நீங்களும் அதே ஸ்கோர், அதே அவுட், அதே ரன்னரோடு அடுத்து வரும் காலிச் சனியில் தொடருங்கள். கடைசி மூன்று வாரமும் சனி சும்மா இருப்பது அதற்குத்தான். 7 இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு 4 முடிந்திருந்தால் முடிவு செல்லும் என்று எழுதி வையுங்கள். உறைபனி உருகிப் புல் காய வேண்டும், அதனால் 9.30க்கு முன் தொடங்காதீர்கள். இரண்டாவது ஆட்டம் 12.30. 3 மணிக்கு மேல் மூடுபனி எப்போது வேண்டுமானாலும் ஏறும். அவுட்ஃபீல்டரிலிருந்து பேட்டர் தெரியவில்லை என்றால் அம்பயர் நிறுத்திவிட வேண்டும்.

7 இன்னிங்ஸில் சமம் என்றால் எட்டாவதில் இரண்டாம் பேஸில் ரன்னரை வைத்து ஆடுங்கள். அட்டவணையில் சமம் என்றால் முதலில் நேருக்கு நேர். மூன்று அணி சமமானால், எடுத்த ரன்னை பேட் செய்த இன்னிங்ஸால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த ரன்னை ஃபீல்டிங் செய்த இன்னிங்ஸால் வகுத்ததைக் கழிக்கவும். வெறும் ரன் வித்தியாசம் பார்த்தால், பாதியில் முடிந்த ஆட்டம் கணக்கைக் கெடுக்கும்.

---

பனிக்கேட்சர்:

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை தொடரும் ஆட்டத்தில்தான் பிட்சரின் கை போகும். 17, 18 வயதுக்கு ஒரு நாளில் 105 பந்து உச்சம். 30 வரை வீசினால் ஓய்வு வேண்டாம். 31-45 என்றால் 1 நாள், 46-60 என்றால் 2, 61-80 என்றால் 3, அதற்கு மேல் 4. ஆகவே சனியன்று 31ஆவது பந்தை வீசியவன் ஞாயிறு வீசக் கூடாது. பயிற்சியாளர் சொல்லும் எண்ணிக்கையை நம்பாதீர்கள், ஸ்கோரரே எண்ணி எழுதட்டும். பிட்சராக இறங்கியவனை அதே ஆட்டத்தில் கேட்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) விடாதீர்கள்.

பந்து. 142 முதல் 149 கிராம் இருக்க வேண்டும். பனி ஈரத்தில் தோலும் உள்ளே இருக்கும் நூலும் நீர் குடித்தால் கனத்து, மட்டையில் பட்டதும் செத்துப்போகும். டென்வரில் வறட்சிக்காக 2002 முதல் பந்தை ஈரப்பதம் உள்ள அறையில் வைத்துக் கொடுக்கிறார்கள், நமக்குச் சிக்கல் அதற்கு நேர்மாறு. ஆட்டத்துக்கு 12 பந்து வைத்து, இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் மாற்றித் துடையுங்கள். கணப்பு அருகில் காயவைத்தால் தோல் வெடித்துத் தையல் எழும்பும். துண்டில் ஒற்றி, ஃபேன் காற்றில் விட்டால் போதும். கிக்குயு புல் அடர்ந்த இடத்தில் தரைப்பந்து சட்டென்று நின்றுவிடும், இன்ஃபீல்டை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். பந்து தேயிலைக்குள் போனால் தேட ஒரே ஆள், ஒரு நிமிடம். காட்டெருமை நின்றால் பந்தை விட்டுவிடவும்.